உங்களுக்கும் அடிக்குதா அண்ணி?

குளியலறைக் குழாயைத் திறந்தபோது விரல் நுனியில் சுருக்கென்றது. எறும்பு கடித்திருக்கும் என்று கையை உதறிவிட்டு மறுபடி தொட்டேன். மறுபடியும் சுருக். இந்த முறை மணிக்கட்டு வரைக்கும் ஒரு நமநமப்பு ஏறி இறங்கியது. மாடியில் வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் "ஐயோ, குழாயில கரண்ட் வருது" என்று அங்கேயே கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்தேன். பயம் பிடித்துக்கொண்டது. குழாயை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

என் மனநோய் தொடங்கியதே கரண்டில்தான். சில வருடங்களுக்கு முன், மாடியில் இருப்பவர்கள் சுவர் வழியாக என் உடம்புக்குள் கரண்டை விடுகிறார்கள் என்று நம்பினேன். அரைகுறையாக அல்ல, முழுசாக நம்பினேன். எலக்ட்ரீசியன்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்களே, கரண்ட் இருந்தால் உள்ளே சின்ன விளக்கு எரியும் டெஸ்டர், அதில் ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். சுவர், கட்டில், சாப்பாட்டுத் தட்டு, தூங்கிக்கொண்டிருந்த அண்ணனின் கால் கட்டைவிரல், எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சுவரை இடித்து வயர்களை உருவி எடுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கள் சாமான்களைத் தெருவில் வைத்தார். அண்ணன் என்னை மருத்துவமனையில் சேர்த்தான்.

அதற்கடுத்த வீட்டில் அண்ணன் உள்ளதை உள்ளபடி சொன்னான். தங்கைக்கு வைத்தியம் நடக்கிறது, இப்போது நன்றாக இருக்கிறாள் என்றான். அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாளிலேயே, சொந்தக்காரர்கள் குடிவருகிறார்கள் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள். அப்புறம் ஏறி இறங்கிய வீடுகளில், கதவைத் திறந்தவர்கள் மாத்திரையால் உப்பிப்போன என் முகத்தைப் பார்த்ததுமே வாடகைக்கு விடுவதில்லை என்றார்கள். வெளியே பலகை தொங்கிக்கொண்டிருக்கும், வீடு வாடகைக்கு என்று.

இப்போது இருக்கும் வீட்டைப் பிடித்தது அண்ணியின் சாமர்த்தியம். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அண்ணிதான் தனியாக அலைந்து திரிந்து பேசி முடித்தாள். என்னைக் கண்ணில் காட்டவே இல்லை. "நாத்தனார் ஒருத்தி இருக்கா, சலவைக்கூடத்துல வேலை, இருக்கற இடமே தெரியாது" என்று மட்டும் சொல்லி வைத்தாள். கீழ்த்தளத்தில் ஒரு அறை, ஒரு சமையலறை, வெளிச்சம் வராத குளியலறை. சுவரெல்லாம் ஓதம். பூசிய சுண்ணாம்பு கையோடு வரும். ஆனாலும் வீடு. நான், அண்ணி, அண்ணன் மகள் பொடிசு, மூன்று பேரும் காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தது.

குழாய் சுருக்கென்ற அன்று நான் அண்ணியிடம் ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் எனக்கு ஒரு ஆலோசகர் உண்டு. எதைச் சொன்னாலும் "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று ஆரம்பிப்பார். நான் அவருக்கு வைத்த பெயர் மூச்சம்மா. அவர் எனக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஏதாவது வித்தியாசமாகக் கேட்டாலோ, தெரிந்தாலோ, உடம்பில் உணர்ந்தாலோ, உடனே நம்பக் கூடாது. நான் முழுசாக நம்புகிற ஒரு ஆளிடம் போய், உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அது உலகத்தில் இருக்கிறது. இல்லை என்றால் அது என் தலைக்குள் இருக்கிறது. அந்த ஆளுக்குச் சாட்சி என்று பெயர். என் சாட்சி அண்ணி. இன்னொரு சத்தியமும் செய்துகொடுத்திருந்தேன்: இனி ஜென்மத்துக்கும் டெஸ்டரைக் கையால் தொடமாட்டேன், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போகமாட்டேன். தொட்டால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், நேராக வார்டுதான்.

சிரிக்காதீர்கள். இந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. தெருவில் யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டுவது போல் கேட்கும். "அண்ணி, கேக்குதா?" என்பேன். "இல்லம்மா" என்பாள். அவ்வளவுதான், போய் வேலையைப் பார்ப்பேன். சொந்தக் காதை விட அண்ணியின் காதைத்தான் நான் நம்பி வாழ்ந்தேன்.

அண்ணி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் வாங்களேன். குழாயத் தொட்டா சுருக்குங்குது."

தைத்துக்கொண்டிருந்த கால் நின்றது. "எந்தக் குழாயி?"

"பாத்ரூம் குழாய். கரண்ட் மாதிரி. நான் சொல்லல, கேக்கத்தான் செய்யறேன். உங்களுக்கும் அடிக்குதான்னு பாருங்க."

அண்ணி எழுந்து வந்தாள். வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். குழாயைத் தொட்டாள், திறந்தாள், மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லையே."

"நிஜமாவா?"

"ஒண்ணும் இல்லம்மா. மாத்திரைய ஒழுங்காத்தானே போடற?"

அப்பாடா என்று இருந்தது. அதே நேரம் பயமும் வந்தது. குழாயில் ஒன்றும் இல்லை என்றால், கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே. அந்த ரப்பர் செருப்பைப் பற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை. சாட்சியைச் சந்தேகப்பட்டால் அப்புறம் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

அதன் பிறகு அது வந்தும் போயும் இருந்தது. சில நாள் குழாய் சாதுவாக இருக்கும். சில நாள் விரலைக் கடிக்கும். மோட்டார் ஓடும்போதுதான் கடிக்கிறது என்று கவனித்தபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மாடியில் இருப்பவர்கள் எனக்குக் கரண்ட் விடுகிறார்கள். பழைய கதை அட்சரம் பிசகாமல் திரும்பி வந்திருந்தது. நோய்க்குக் கற்பனை வறட்சி போலிருக்கிறது, புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டேன். கிண்டல் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

என் வேலை ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். துவைத்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் இரண்டு பேராக விட வேண்டும். அந்தப் பக்கம் தேய்த்து வெளியே வந்ததும் இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். என்னோடு மடிப்பவளுக்குச் சலங்கை என்று பெயர். அவள் சிரித்தால் நாலு இயந்திரத்தின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஈரத் தரை, ஈரக் கை, சுற்றிலும் மின்சாரம். அங்கே எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

"ஏண்டி, வீட்டுக்குள்ள மட்டும் வர்ற நோய்னு ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல இருக்கே. என் புருஷன்" என்று சொல்லி அவள் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

குழாயைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"இதுக்கா இந்தப் பாடு? ஒரு டெஸ்டர வச்சுப் பாத்தா தெரிஞ்சிடப்போகுது. நம்ம எலக்ட்ரீசியன்கிட்ட வாங்கித் தரவா?"

"வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். சலங்கை விரிப்பின் நுனியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அவளுக்கு என் நோய் தெரியாது. இந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சூடான உருளைக்குப் பக்கத்தில் என்னை நிற்க விடுவார்களா?

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது மூச்சம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மறைக்கக் கூடாது என்பதும் பழக்கத்தில் ஒன்று. அவர் மூச்சை இழுத்து விடச் சொன்னார். இழுத்து விட்டேன். தூக்கம் எப்படி என்று கேட்டார். பசி எப்படி என்று கேட்டார். மாத்திரையைத் தவற விட்டேனா என்று கேட்டார். பிறகு அண்ணிக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி மேஜைமேல் வைத்தார்.

"குழாயில கரண்ட் வருதுன்னு சொல்றாங்களே, நீங்க பாத்தீங்களா?"

போனில் கொஞ்ச நேரம் தையல் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"பாத்தேன் மேடம். ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"தினமும் நாங்க அதுலதானே குளிக்கறோம்."

மூச்சம்மா என்னைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவு இருக்கிறதே, அதற்குப் பதில் ஒரு அறை விட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். டாக்டர் வந்து மாத்திரையின் அளவைக் கூட்டினார். நல்லவர்தான், நிதானமாக விளக்கிச் சொன்னார். ஆனால் இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவராவது, உங்கள் வீடு எப்படி இருக்கிறது, வயரிங் எந்தக் காலத்தது, ஓதம் உண்டா, வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டதில்லை. தலைக்குள் எட்டிப் பார்க்க ஆயிரம் கேள்வி வைத்திருந்தார்கள். தலையை நான் எங்கே வைத்துத் தூங்குகிறேன் என்று கேட்க ஒரு கேள்வி இல்லை.

கூட்டிய மாத்திரை என்னை அடித்துப் போட்டது. கை நடுங்கியது. கண் தானாகச் செருகியது. ஒரு நாள் விரிப்போடு சேர்ந்து என் விரலும் உருளைக்குப் பக்கத்தில் போய்விட்டது. சலங்கை பாய்ந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை.

மேற்பார்வையாளர் தனியாகக் கூப்பிட்டார். "உங்களுக்கு என்ன பிரச்சனைன்னு நான் கேக்கல. இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற ஆள் பாத்துக்குவோம்" என்றார். கேட்காமல் இருந்ததே பெரிய உபகாரம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டில் நான் குளியலறைக்குள் போவதையே குறைத்தேன். சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் குழாயில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அதற்கும் அண்ணி முகம் சுளித்தாள். குளிக்காமல் இருப்பதும் நோய் திரும்புவதன் அடையாளம் என்று மருத்துவமனையில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குளித்தால் கரண்ட், குளிக்காவிட்டால் வார்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

பொடிசு மட்டும் பழைய மாதிரியே இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மடியில் ஏறி உட்கார்ந்து அன்று யார் யாரை அடித்தார்கள் என்ற செய்தியை ஒன்று விடாமல் சொல்லுவாள். அவளிடம் மட்டும் நான் ஒரு கட்டளை போட்டேன். "மாடியில மோட்டார் ஓடும்போது குழாயத் தொடாத." உடனே எனக்கே பயமாகிவிட்டது. என் பைத்தியத்தைக் குழந்தைக்குள் ஊற்றுகிறேனோ?

"அம்மாவும் அதத்தான் சொல்லுவாங்க. செருப்பு போடாம போகக் கூடாது, அம்மாவக் கூப்பிடாம குழாயத் தொடக் கூடாது" என்றாள் பொடிசு.

வழுக்கிவிடும் என்பதற்காகச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் வேலை முடிந்து வந்தேன். வேலைச் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பொடிசு தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். நூல் எடுக்கத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில், பழைய கைக்குட்டையில் சுற்றி, ஒரு டெஸ்டர் இருந்தது.

கை சுட்டது போல அதைக் கீழே போட்டேன். என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? நான்தான் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். எப்போது வாங்கினேன் என்று ஞாபகம் இல்லாத அளவுக்கு முற்றிவிட்டது. தரையில் கிடந்த அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி உள்ளே வந்தாள். கையில் காலி வாளி. என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன். "நான் எப்ப வாங்கினேன்னே தெரியல. மூச்சம்மாவுக்குப் போன் பண்ணுங்க."

அவள் முகம் கோணியது. கீழே உட்கார்ந்து டெஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ வாங்கல. நான்தான் வாங்கினேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் என் பக்கம் நிமிராமலே பேசினாள். "பொடிசு குளிக்கறதுக்கு முன்னாடி தினமும் வச்சுப் பாப்பேன். லைட்டு எரிஞ்சா குளிக்க விடமாட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மோட்டார் நின்னதும் விடுவேன்."

"அப்ப... குழாயில வருதா?"

"வருது."

அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?" அவள் குரல் உயர்ந்தது. "வீட்டுக்காரர்கிட்ட நான் போய்ச் சொன்னேன். முதல் நாளே சொன்னேன். பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்குங்கன்னாரு. எங்க போய்ப் பாக்க? நமக்கு எவன் தருவான்? உன்கிட்ட வருதுன்னு சொன்னா நீ சும்மா இருப்பியா? மாடிக்குப் போய்ச் சண்டை போடுவ. அவரு உன்ன விசாரிப்பாரு. எல்லாம் தெரிஞ்சு மறுபடியும் மூட்டை முடிச்சோட தெருவுல நிக்கணுமா? அவளயும் இழுத்துக்கிட்டு?"

"மாத்திரையக் கூட்டினாங்களே அண்ணி. அப்பகூட உங்களுக்கு வாய் வரல இல்ல?"

அவள் டெஸ்டரை மடியில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. எனக்கு அவளைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. என் காதையும் கையையும் தோலையும் இவளிடம் கொடுத்து வைத்திருந்தேன். இவள் அதை வாடகையாகக் கட்டியிருக்கிறாள்.

மாடியில் மோட்டார் உறுமத் தொடங்கியது. எங்கள் இருவருக்கும் அது காதில் ஏறவில்லை. ஏதோ கத்திக்கொண்டிருந்தோம். பொடிசு தெருவிலிருந்து மண்ணுக் கையோடு உள்ளே வந்ததையும், நாங்கள் சண்டை போடுவதைப் பார்த்து மிரண்டு, அம்மாவைக் கூப்பிடாமல் நேரே குளியலறைக்குப் போனதையும் நாங்கள் பார்க்கவில்லை.

ஒரு சத்தம் கேட்டது. குழந்தை கூப்பிடும் சத்தம் இல்லை. பாதியில் அறுந்த சத்தம்.

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஆனால் நான் ஓடவில்லை. பழக்கம் என்ன செய்யும் தெரியுமா, அது நம்மைக் கேட்காமல் நம் வாயைத் திறக்கும். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்:

"அண்ணி, உங்களுக்கும் கேக்குதா?"

அவள் முகம் வெளுத்த விதத்தில் பதில் இருந்தது. அவள் குளியலறைக்குப் பாய்ந்தாள். "தொடாதீங்க!" என்று அலறிக்கொண்டு நான் வெளியே ஓடினேன். மாடிப்படிக்கு அடியில் முழு வீட்டுக்குமான மெயின் சுவிட்ச் இருந்தது. தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த சுவிட்ச். பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். மோட்டாரின் உறுமல் செத்தது.

திரும்பி வந்தபோது பொடிசு அண்ணியின் மடியில் கிடந்தாள். குழாயைப் பிடித்த உள்ளங்கையில் ஒரு வெளுத்த தடம், ஓரம் கருகியிருந்தது. உதடு நீலம். நான் அவள் மார்பில் காதை வைத்தேன். துடிப்பு இருந்தது. என் காதை நானே நம்ப வேண்டியிருந்தது, கேட்க வேறு ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து "அம்மா" என்றாள்.

வீட்டுக்காரர் படி இறங்கி வந்தார். "யாரு மெயின ஆஃப் பண்ணது?" என்று தொடங்கியவர் குழந்தையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை குழாய்க்குப் போய், அங்கே ஒட்டாமல் வழுக்கித் திரும்பியது. சாவியை எடுத்துவந்து தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். போகிற வழியில் கண்ணாடியில் அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்ரூம் தரை வழுக்கும். சோப்பு வேற. வழுக்கி விழுந்துட்டா, பாவம். பிள்ளைங்கள ஜாக்கிரதையாப் பாத்துக்கணும்மா."

அண்ணி பேசாமல் இருந்தாள். அந்தப் பேச்சின்மை எனக்குப் பிடிக்கவில்லை. போனில் தையல் இயந்திரம் நின்ற நேரத்துப் பேச்சின்மை அது.

மருத்துவமனை எனக்குப் பழக்கப்பட்டதுதான். மேல் தளத்தில் மனநலப் பிரிவு, கீழே அவசரப் பிரிவு. வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். இளவயது டாக்டர் ஒருவர் பொடிசைப் படுக்க வைத்துக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

அண்ணி கதவுப் பக்கம் பார்த்தாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

"தலையில அடிபட்டுதா? வாந்தி எடுத்தாளா? கை என்ன?"

"சுடுதண்ணி பட்டிருக்கும்."

சலவைக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். கரண்ட் அடித்த ஆள் எழுந்து நடந்தாலும் நம்பக் கூடாது, இதயத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பிறகுகூட நின்றுபோகும் என்று. இவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, கைக்கு மருந்து தடவி அனுப்பிவிடுவார். நாங்கள் வீட்டுக்குப் போய்ப் படுப்போம். பொடிசு எழுந்திருக்கமாட்டாள்.

"டாக்டர், கரண்ட் அடிச்சுது" என்றேன். "குழாயில கரண்ட் வருது. அவ கை அதுல ஒட்டிக்கிச்சு. இதயத்தப் பாருங்க."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உப்பிய முகம், நடுங்கும் கை, எண்ணெய் காணாத தலை, குளிக்காத உடம்பு. அப்புறம் யாரைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி தரையைப் பார்த்துச் சொன்னாள். "இவ இங்க மாடியிலதான் வைத்தியம் பாத்துக்கறா. கரண்ட் வர்ற மாதிரி அப்பப்ப தோணும் டாக்டர்."

"ஓ" என்றார் டாக்டர். என் தோளை மெதுவாகத் தட்டிக்கொடுத்து, "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றார்.

நான் கத்தவில்லை. கத்தினால் மேல் தளத்துக்குத்தான் அனுப்புவார்கள். கட்டிலின் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாவி, நானே ஒரு கணம் சந்தேகப்பட்டேன். டெஸ்டரைப் பார்த்தேனா? அண்ணி வருது என்று சொன்னாளா? எல்லாமே நானாகக் கற்பித்துக்கொண்டதுதானோ? அந்த மாதிரி ஒரு பயத்தை நான் சுவரை இடித்த காலத்தில்கூட அனுபவித்ததில்லை.

பொடிசு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கும் தோணுச்சு."

"என்னடி?"

"கரண்ட் வந்த மாதிரி. கைய எடுக்கவே முடியல." அவள் உதடு பிதுங்கியது. "அப்ப எனக்கும் அத்தை மாதிரியா? நானும் மாத்திரை சாப்பிடணுமா?"

அண்ணி குழந்தையின் கையைப் பிடித்துத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கதவுக்கு வெளியே நின்ற வீட்டுக்காரரின் செருப்பு நுனி தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"உனக்குத் தோணல கண்ணு. கரண்ட்தான் அடிச்சுது. டாக்டர், குழாயில கரண்ட் வருது. இவ முதல் நாளே சொன்னா. எனக்கும் தெரியும். நான்தான் பொய் சொன்னேன். முதல்ல என் பொண்ணு நெஞ்சப் பாருங்க."

செருப்பு நுனி கதவோரத்திலிருந்து மறைந்தது. வீடு போயிற்று என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

டாக்டரின் நடையே மாறிவிட்டது. செவிலியர் ஓடிவந்து பொடிசின் சட்டையைத் தளர்த்தினார். இதயத் துடிப்பைப் பார்க்கும் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து கொத்துக் கொத்தாக வயர்கள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு உலோகப் பொத்தான். செவிலியர் ஒன்றை எடுத்து அவள் மார்புக்குக் கொண்டுபோனார்.

பொடிசு வீறிட்டாள். கையாலும் காலாலும் தள்ளினாள். "வேணாம், வேணாம், அதுல கரண்ட் வரும்!"

"வராதுடி செல்லம். இது ஒண்ணும் பண்ணாது" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா சொல்றேன் இல்ல?"

பொடிசு அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பி, கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைத் தேடினாள்.

"அத்தை, நீ தொட்டுப் பாத்துச் சொல்லு."

செவிலியர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். நான் முன்னால் போய் அந்த உலோகப் பொத்தானை விரல்களுக்கு நடுவே பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

"வரல" என்றேன்.

பொடிசு கையை விலக்கி மார்பைக் காட்டினாள்.